கடைவாயக்காவின் கணிப்பு

பந்து இந்தப் பக்கம் இருந்தால் கடைவாயக்கா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். முன்களப் பெண்கள் நால்வர் எதிரணியின் வட்டத்துக்குள் புகுந்து, படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் முப்பது நாற்பது பேரும் எழுந்து நிற்கும் நேரத்தில், அவர் மட்டும் கழுத்தைத் திருப்பி, பந்தே இல்லாத பாதி மைதானத்தில் சும்மா நிற்கும் தடுப்பாட்டக்காரிகளை உற்றுப் பார்ப்பார். கோல் விழுந்து சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பி, "யாரு போட்டது?" என்று பக்கத்தில் இருப்பவரை விசாரிப்பார்.

"பந்து இருக்கிற இடத்துல எல்லாரும் நல்லாத்தான் ஆடுவாங்க தம்பி. பந்து இல்லாதப்போ என்ன பண்றாங்கன்னு பாருங்க. டீம் அங்கதான் இருக்கு."

எங்கள் ஊர் பெண்கள் ஹாக்கி அணிக்கு லீக் தொடங்குவதற்கு முன் ஆறு வாரம் பயிற்சி ஆட்டங்கள் உண்டு. வாரத்துக்கு ஒன்று. இந்த ஆட்டங்களில் வென்றாலும் தோற்றாலும் எந்தப் பட்டியலிலும் ஏறாது. வீராங்கனைகளின் உறவுக்காரர்கள், வீட்டில் இருக்கப் பிடிக்காத ஓய்வுபெற்றவர்கள் சிலர், நாலாம் பக்கத்தின் அடியில் இரண்டு பத்தி நிரப்பப் பத்திரிகை அனுப்பிவைக்கும் நான். இவ்வளவுதான் கூட்டம். கடைவாயக்கா பதினோரு வருஷமாக ஓர் ஆட்டம் விடாமல் வருகிறார். வயது ஐம்பத்து நாலு. அரைக்கு மேல் நரைத்த தலை. முழங்கை வரை மடித்துவிட்ட சட்டைக்கை. நகக்கண்களில் எப்போதும் வெள்ளைத் தூள். கம்பி வலையிலிருந்து நாலாவது படி, நம் அணியின் கோலுக்கு நேர் பின்னால், அவருடைய இடம். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது இவரும் பிளாஸ்க்கையும் உட்காரும் பஞ்சு மெத்தையையும் தூக்கிக்கொண்டு பாதி மைதானத்தைச் சுற்றி மறுமுனைக்கு நடந்துவிடுவார். மழைத் தூறலானாலும் சரி, முழங்கால் வலித்தாலும் சரி.

கடைவாயக்கா என்ற பெயர் அவருக்கு அணிப் பெண்கள் வைத்தது. அக்காவின் வேலை பல் லேபில். பல் மருத்துவமனைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், நடைபாதை மட்டத்தில் ஒரே ஒரு ஜன்னல் உள்ள நீள அறை. அந்த ஜன்னலில் நாள் முழுக்க ஊராருடைய கால்கள் மட்டும் போகும், வரும். மேலே மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். கீழே இவர் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் ஒரு பித்தளைக் கீலில் மாட்டி, 'டக் டக்'கென்று மூடித் திறந்து பார்ப்பார். சரியாகப் பொருந்தாவிட்டால் "கடிக்கல" என்று சொல்லிவிட்டு மறுபடி மெழுகை உருக்குவார். ஹாக்கிப் பெண்கள் பல்லுக்கு மாட்டிக்கொள்ளும் ரப்பர் கவசம் இருக்கிறதே, அவர்கள் 'கார்டு' என்பார்கள், அதையும் இவர்தான் செய்து கொடுத்துவந்தார். லேபின் மேல் தட்டில் அணியில் இருந்தவர்கள், இருப்பவர்கள் அத்தனை பேருடைய பிளாஸ்டர் தாடைகளும் ஜெர்சி எண் எழுதி வரிசையாக இருக்கும். முகத்தைவிடத் தாடையை வைத்துத்தான் அவருக்கு ஆளை அடையாளம் தெரியும் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். மறுத்ததில்லை.

அதனால் அணியைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் பல்லாகவே வரும். முன்களத்தில் இரண்டு புதுப் பெண்கள் மின்னலாக ஓடுவதைப் பார்த்து நான் மயங்கிப்போயிருந்த முதல் ஆட்டத்தில் அவர் சொன்னது இது: "முன்பல்லு அழகாத்தான் இருக்கு. கடைவாய் ஆடுது. சிரிக்க உதவும், மெல்ல உதவாது." நடுக்களமும் தடுப்பும் ஒன்றோடொன்று சேராமல் ஆடினால், "மேலயும் கீழயும் கடிக்கல." பயிற்சியாளர் ஆளை மாற்றி மாற்றிப் பார்த்தால், "நல்ல பல்லையே புடுங்கிப் பாக்குறாரு." ஒவ்வொரு வருஷமும் பயிற்சி ஆட்டங்கள் முடிந்ததும் என்னைப் பார்த்துக் கணிப்பைச் சொல்வார். பத்து அணிகளில் எட்டாவது இடம், அல்லது ஏழாவது. அதற்கு மேல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அணியும் அவரைப் பொய்யாக்கியதில்லை. என்னுடைய இரண்டு பத்தியில் 'கூர்ந்து கவனிப்போர் கருத்து' என்று வருவதெல்லாம் அவர் கருத்துதான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அவருடைய வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். ஹாக்கி அவருக்குப் பிடிக்காது. பதினோரு பெண்கள் குனிந்தே ஓடுவதைப் பார்த்தால் தனக்கு இடுப்பு வலிக்கிறது என்பார். ஆனால் ஆட்டம் உள்ள நாளில் பிளாஸ்க்கில் தேநீர் ஊற்றி வைப்பது அவர்தான்.

இந்த வருஷப் பயிற்சி ஆட்டங்களில் பேச்செல்லாம் கேப்டனைப் பற்றியே இருந்தது. கேப்டன்தான் கோல்கீப்பர். இருபத்தொன்பது வயது, ஒன்பது வருஷமாக அதே இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிற்பவள். முன்பெல்லாம் பெனால்டி கார்னரில் எதிரணி அடிக்கிற பந்தைக் காலால் உதைத்து அனுப்பும் சத்தம் வெளியே சாலை வரைக்கும் கேட்கும். இந்த முறை முதல் மூன்று ஆட்டங்களிலேயே ஏழு கோல் வாங்கிவிட்டாள். சிலது மிகச் சாதாரணப் பந்து. இடப்பக்கம் மெதுவாக உருண்டு வருகிறது. அவள் கால் நகர்வதற்குள் உள்ளே போய்விடுகிறது. படிக்கட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உடம்பு போட்டுவிட்டது, கல்யாணப் பேச்சு நடக்கிறது, கேப்டன் ஆனதும் தலைக்கனம் வந்துவிட்டது. நானும் என் பங்குக்கு, 'கோல்கீப்பரிடம் பழைய சுறுசுறுப்பு இல்லை. சோம்பல் தெரிகிறது' என்று எழுதினேன்.

மறுவாரம் அக்கா தன் பக்கத்தில் நான் உட்கார இடம் விடவில்லை. நானாக மெத்தையை நகர்த்தி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, சோம்பேறிக்கு ஒரு பக்கம் மட்டும் சோம்பல் வருமா என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. சட்டைப் பையிலிருந்து லேபின் வேலைச் சீட்டுகள் மூன்றை எடுத்து நீட்டினார். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலால் ஒரு கோல் கட்டம். உள்ளே போன ஒவ்வொரு பந்துக்கும் அது நுழைந்த இடத்தில் ஒரு புள்ளி. ஏழில் ஆறு புள்ளி இடது மூலையில், தரையை ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. மீதி ஒன்று நடுவில்.

"வலது பக்கம் ஒண்ணுகூட விடல பாருங்க. அந்தப் பக்கம் பூனை மாதிரி பாயறா. அப்படின்னா காலுல கோளாறு இல்ல."

வேறு எதில் என்று நான் கேட்டேன். அவர் சீட்டுகளை வாங்கி மடித்துக்கொண்டார்.

அன்றைய இடைவேளையில் அவர் செய்ததை நான் மேலிருந்து பார்த்தேன். கேப்டன் கோல் கம்பத்தின் அருகே தண்ணீர் பாட்டிலை எடுக்க வந்தாள். ஹெல்மெட் கழற்றியிருந்தது. அக்கா வலையை ஒட்டி, அவளுக்கு இடப்பக்கமாக, இரண்டு கை தூரத்தில் போய் நின்றார். கையில் சரிசெய்த கார்டு ஒன்று. அதைத் தூக்கி ஆட்டினார். அவள் தண்ணீர் குடித்தாள். மறுபடி ஆட்டினார். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றாள். அக்கா இரண்டடி முன்னால் நகர்ந்தார். அப்போதுதான் கேப்டன் திடுக்கிட்டுப் பின்வாங்கி, பிறகு சிரித்துக்கொண்டே கார்டை வாங்கினாள். அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார். தேநீர் ஊற்றினார், குடிக்கவில்லை.

இரண்டு சீசனுக்கு முன் நடந்ததை அன்று அவர்தான் நினைவுபடுத்தினார். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில், ஹெல்மெட் போடாமல் நின்றிருந்த கேப்டனின் இடது கண்ணுக்கு மேல் ஒரு பந்து பட்டது. புருவத்தில் நாலு தையல், மூன்று வாரம் ஓய்வு. கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தழும்பு மறைந்ததும் எல்லோரும் மறந்துபோனோம்.

அதற்குப் பின் நடந்ததில் பாதியை அக்காவும் மீதியைக் கேப்டனும் எனக்குப் பல நாள் கழித்துத் தனித்தனியாகச் சொன்னார்கள்.

அந்த நாலாவது ஆட்டத்துக்கு மறுநாள் மதியம், கார்டு ஓரம் உறுத்துகிறது என்று கேப்டன் லேபுக்கு வந்தாள். அக்கா அவளை முக்காலியில் உட்கார வைத்தார். கார்டைக் கையில் வாங்கவில்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் மூக்கையே பார்க்கச் சொன்னார். பிறகு மேசையிலிருந்து ஒரு பிளாஸ்டர் தாடையை எடுத்து அவளுடைய இடப்பக்கத்தில் காதுக்கு நேராகப் பிடித்து, மெல்ல மெல்ல முன்னால் கொண்டுவந்தார். தெரியும்போது சொல் என்றார். காது தாண்டியது, கன்னம் தாண்டியது. கிட்டத்தட்ட கண்ணுக்கு நேரே வந்த பிறகுதான் அவள், "ம்" என்றாள். வலப்பக்கம் அதே மாதிரி செய்தபோது கையைத் தூக்கியவுடனே சொல்லிவிட்டாள்.

அக்கா தாடையை மேசையில் வைத்தார். "எத்தனை நாளா?"

அவள் கொஞ்ச நேரம் ஜன்னலில் போகும் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகத் தெரியவில்லை என்றாள். முதலில் கதவு நிலையில் தோள் இடித்ததாம், நாம்தான் கவனமில்லாமல் நடக்கிறோம் என்று நினைத்தாளாம். பிறகு ஆபீஸில் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவள் நீட்டும் காகிதம் தெரியவில்லை. வலி ஒன்றும் கிடையாது. மூன்று மாதமாகத் தெரியும், டாக்டரிடம் போகவில்லை.

"போனா ஆடாதன்னு சொல்லுவாங்கக்கா."

சொல்லத்தான் செய்வார்கள் என்றார் அக்கா.

"பதினெட்டு ஆட்டம். அது மட்டும் முடியட்டும், நானே போறேன். சின்னவ இன்னும் தயாராகல, இப்ப விட்டா பதறிடுவா." சின்னவள் என்றது இரண்டாவது கோல்கீப்பரை. பிறகு கேப்டன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆபீஸ்ல என்னை யாருக்கும் தெரியாதுக்கா. ஏழு வருஷமா அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன், இன்னும் 'ஏம்மா'ன்னுதான் கூப்பிடுறாங்க. இங்க மட்டும்தான்..." என்று நிறுத்தினாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அக்கா சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கார்டை வாங்கி, ஓரத்தை ராவிக் கொடுத்தார். அவள் அதை வாயில் வைத்துக் கடித்துப் பார்த்து, இப்போது சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்காவின் மௌனத்தை அவள் வாக்காக எடுத்துக்கொண்டாள். அக்காவும் அவள் அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றே விட்டுவிட்டார். "அது நான் பண்ணின தப்பு. அப்பவே வாயத் திறந்து சொல்லியிருக்கணும், 'நான் சொல்லத்தான் போறேன்'னு" என்று இன்றைக்கும் சொல்கிறார்.

அந்த இரண்டு வாரமும் அவருக்கு வேலை ஓடவில்லை. ஒரு பெரியவருடைய செட்டில் இடது கோரைப்பல்லை வலப்பக்கம் அடுக்கி அனுப்ப, மேலேயிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். முப்பது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைத் தொடாமல் அப்படியே இருந்துவிடுவார். வீட்டுக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டார். அக்கா சொன்னார். அவர் தட்டை நகர்த்திவிட்டு யோசித்தார். வருஷா வருஷம் கண் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வண்டியைத் தொட முடியாதவர் அவர்.

"எனக்கு ஒரு பக்கம் தெரியல, யார்கிட்டயும் சொல்லாதன்னு உன்கிட்ட சொல்லிட்டு நான் வண்டி எடுத்துட்டுப் போனா, நீ வாசல்ல நின்னு கை காட்டி அனுப்புவியா?"

அது வேறு, வண்டியில் ஐம்பது பேர் இருப்பார்கள் என்றார் அக்கா.

"இங்க ஒருத்திதான் இருக்கா. அதனால பரவாயில்லையா?"

அக்கா அதற்குப் பிறகும் போகவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் இடது மூலையில் இன்னும் மூன்று புள்ளி சேர்ந்தது.

ஆறாவது, கடைசிப் பயிற்சி ஆட்டம். தரையை நனைத்திருந்தார்கள். ஈரத்தில் பந்து சறுக்கிக்கொண்டு பறந்தது. மூன்றாம் பகுதியில் எதிரணிக்குப் பெனால்டி கார்னர். அவர்களுடைய நடுக்களக்காரி பந்தை மட்டையால் இழுத்து, தூக்கி, இடது மேல்மூலைக்கு வீசினாள். பந்து கேப்டனுடைய ஹெல்மெட்டின் இடப்பக்கத்தில் மோதி, சத்தத்தோடு வெளியே தெறித்தது. அவள் ஒரு முழங்காலில் விழுந்து, எழுந்து, தலையை உதறிக்கொண்டாள். படிக்கட்டில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். ஆறு வாரத்தில் முதல் தடவையாகக் கேப்டனுக்குக் கைதட்டல். பழைய கேப்டன் திரும்பிவிட்டாள் என்றார் பின்னால் ஒருவர். நானும் குறிப்பேட்டில் 'அபாரமான தடுப்பு' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அக்கா எழுந்து நின்றார். "அத எழுதாதீங்க தம்பி. அவ தடுக்கல. பந்து வந்து அவ மேல மோதிச்சு. அவ கண்ணுகூட சிமிட்டல."

பிளாஸ்க்கையும் மெத்தையையும் அங்கேயே விட்டுவிட்டு, படி இறங்கி, வலையோரமாகவே சுற்றிக்கொண்டு பயிற்சியாளர் உட்கார்ந்திருந்த பெஞ்சை நோக்கி நடந்தார். ஆட்டம் முடியும் வரை பக்கத்தில் நின்றார். நான் பின்னாலேயே போனேன். பயிற்சியாளர் மரியாதையான மனிதர்தான், ஆனால் அன்று களைத்திருந்தார். பல் விஷயமாக இருந்தால் நாளைக்குப் பேசலாம் என்றார். கண் விஷயம் என்றார் அக்கா. பல் செட் செய்கிறவர் கண்ணைப் பற்றிச் சொல்கிறாரா என்று அவர் சிரித்தார். அக்கா சீட்டுகளைக் கையில் கொடுத்தார். ஆறு சீட்டு, பதினான்கு புள்ளி. பன்னிரண்டு புள்ளி ஒரே மூலையில்.

அவர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். பிறகு கேப்டனைக் கூப்பிட்டார். அவள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வியர்வையோடு, அந்தக் கைதட்டலின் சந்தோஷம் இன்னும் முகத்தில் இருக்க, வந்து நின்றாள். பயிற்சியாளர் அவளிடம் ஏதோ பேச்சுக் கொடுத்தபடியே ஒரு கையுறையை எடுத்து அவளுடைய இடப்பக்கமாக மெதுவாக வீசினார். சின்னக் குழந்தைகூடப் பிடித்துவிடும் வீச்சு. அது அவள் தோளில் பட்டுக் கீழே விழுந்தது.

கேப்டன் கீழே கிடந்த கையுறையைப் பார்த்தாள். பயிற்சியாளரைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த சீட்டுகளைப் பார்த்தாள். கடைசியாக அக்காவைப் பார்த்து, "அக்கா" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்டு அக்கா தலை குனிந்ததை நான் பார்த்தேன்.

கண் மருத்துவர் சொன்னது சுருக்கமானது. அன்றைக்கு விழுந்த அடியில் கண்ணுக்குள் நீர் வடியும் வழி கெட்டுப்போய், உள்ளே அழுத்தம் மெல்ல மெல்ல ஏறியிருக்கிறது. பக்கப்பார்வை போனது போனதுதான், வராது. மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். இன்னும் ஒரு சீசன் இப்படியே விட்டிருந்தால் அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். இனி கோலில் நிற்கக் கூடாது, இன்னொரு அடி பட்டால் அதுவும் இல்லை.

இதைக் கேட்டதும் எல்லோரும் அக்காவுக்கு நன்றி சொன்னார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. லீக் தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போது அணிக்குக் கேப்டன் இல்லை, கோல்கீப்பர் இல்லை. படிக்கட்டு ஆட்கள், போட்டுக்கொடுத்துவிட்டார் என்றார்கள். பாதிச் சீசன் போகட்டும் என்று இருந்திருக்கலாமே, கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாமே, அத்தனை பேர் முன்னால் அந்தப் பெண்ணை நிறுத்தியிருக்க வேண்டுமா என்றார்கள். கடைசியில் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று அக்காவே என்னிடம் சொன்னார். அணிப் பெண்கள் கார்டு செய்ய வேறு லேபைத் தேடிப் போனார்கள். ஒருத்தி மட்டும் வந்து, பழைய அச்சைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டு, தன் தாடையைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு போனாள். கேப்டனுக்கு அக்கா இரண்டு தடவை போன் செய்தார். அவள் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை செய்ய அவருக்குத் தைரியம் வரவில்லை.

நான் இதையெல்லாம் எழுதவா என்று கேட்டேன். உண்மை தெரிந்தால் பேச்சு அடங்கும் என்று நினைத்தேன். "என்ன உண்மை தம்பி? நான் பார்த்தது சரி. அதனால அவளுக்கு ஆட்டம் போச்சு. ரெண்டும் உண்மைதான்" என்றார். அவள் சொன்னால் எழுதுங்கள், நான் சொல்ல மாட்டேன் என்றார். கேப்டன் போன மாதம்தான் சரி என்றாள். சொல்லும்போது அவள் குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. "அவங்க சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா நான் கேட்டேன் இல்ல, சொல்லாதீங்கன்னு?"

இந்த வருஷக் கணிப்பை அக்கா யாருக்கும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் இரண்டு பத்தியை எதை எதையோ போட்டு நிரப்பினேன்.

லீக்கின் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு அவர் வர மாட்டார் என்று நினைத்தேன். வந்திருந்தார். நாலாவது படி. படிக்கட்டின் நடுவே மேலிருந்து கீழே ஒரு நடைவழி உண்டு. உடைமாற்றும் அறை படிக்கட்டின் பின்னால் இருப்பதால், அணியினர் அந்த வழியாக இறங்கித்தான் வலைக் கதவைத் திறந்து மைதானத்துக்குள் போவார்கள். அக்கா நடைவழியை ஒட்டியே உட்கார்ந்திருந்தார். பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். சிலர் லேசாகத் தலையசைத்தார்கள், பலர் முன்னால் போகிறவளின் முதுகையே பார்த்துக்கொண்டு போனார்கள். கடைசியாகக் கேப்டன் வந்தாள். ஜெர்சி இல்லை, சாதாரண உடை. சின்னவளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையை இப்போது அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினாள். அக்கா உட்கார்ந்திருந்தது அவளுக்கு இடப்பக்கம். அக்கா முகத்தை நிமிர்த்தினார். கேப்டன் கையெட்டும் தூரத்தில் தாண்டிப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா என்னிடம், அவள் பார்க்கவில்லையா, பார்க்க விரும்பவில்லையா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

சின்னவள் இரண்டு கோல் விட்டாள். ஒன்றை நன்றாகத் தடுத்தாள், தரையோடு, இடது மூலையில், முழு நீளத்துக்குப் பாய்ந்து. எல்லோரும் கை தட்டினார்கள். பெஞ்சில் கேப்டனும் தட்டினாள். சத்தம் கேட்ட பக்கம் தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தட்டினாள். அக்கா கைகளை மடியிலேயே வைத்திருந்தார். அன்று இடைவேளையில் அவர் மறுமுனைக்குப் போகவில்லை. பஞ்சு மெத்தையில் அப்படியே உட்கார்ந்து, ஆட்டம் எங்கே நடக்கிறதோ அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் எல்லோரையும் போலப் பந்தைப் பார்த்து நான் கண்டது அன்றுதான்.

இரண்டுக்குப் பூஜ்யம். தோல்வி உறுதியானதும் கூட்டம் முன்னதாகவே கலையத் தொடங்கியது. கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது கேப்டன் பெஞ்சிலிருந்து எழுந்து மட்டைகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள். இனி அவள் இதே வழியாக ஏறி வருவாள். இறங்கும்போது இடப்பக்கம் இருந்த அக்கா, ஏறும்போது வலப்பக்கம் இருப்பார். நல்ல கண் உள்ள பக்கம். பார்க்காமல் போவதற்கு வழியில்லை.

அக்கா வலைக் கதவைப் பார்த்தார், நடைவழியைப் பார்த்தார், கையை ஒரு தடவை சட்டையில் துடைத்துக்கொண்டார். விசில் ஒலித்தது. கேப்டன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

அக்கா எழுந்தார். பிளாஸ்க்கையும் மெத்தையையும் தூக்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி, நடைவழியைக் கடந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தார்.